பாஸ் செய்த தப்பு

மனிதனிடமிருந்து எதை வேண்டுமானாலும் திருடலாம். பர்ஸைத் திருடுவார்கள், சைக்கிளைத் திருடுவார்கள், ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதிய பாட்டைத் திருடித் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். ஆனால் ஒருவன் செய்த தப்பைத் திருடிக்கொண்டு போகிற ஆளும் உலகத்தில் உண்டு என்பது பாஸுக்கு அன்று காலையில்தான் தெரிந்தது. அதுவும் பட்டப்பகலில், ரேடியோவில், ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது.

அப்போது அவர் கடையில் நீளமான மேஜைமேல் ஒரு திரைச்சீலையை விரித்து, அதன் ஓரத்தில் சாக்பீஸால் 'இடது' என்று எழுதிக்கொண்டிருந்தார். எழுதிவிட்டு அளவைச் சரிபார்த்தார். சரிபார்த்துவிட்டு இன்னொரு தடவை சரிபார்த்தார். ஜன்னலடியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவி, மூன்றாவது தடவையும் பார்க்கப்போகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். அலமாரிமேல் இருந்த ரேடியோவில் மச்சானின் குரல் வந்தது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அதற்கு முன்னால் பாஸின் நண்பன். சேர்ந்து சுற்றுகிறவர்கள் ஒருவரையொருவர் மச்சான் என்று வாய்க்கு வந்தபடி கூப்பிட்டுக்கொள்வது வழக்கம்தான். இவர் விஷயத்தில் அந்த வார்த்தை சட்டப்படி உண்மையாகிவிட்டது. குழுவில் பாடகன் அவன். நல்ல குரல், அதைவிட நல்ல தலைமுடி. தலைமுடி போய்விட்டது, குரல் மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அந்தக் குரலில்தான் ரேடியோக்காரப் பெண்ணுக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தான். பழைய ஆல்பத்தை மறுபடியும் இசைத்தட்டாக வெளியிடுகிறார்களாம். அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் மாறி அச்சானதே, அந்தத் தப்பு எப்படி நடந்தது என்று அவள் கேட்டாள்.

"தப்பெல்லாம் ஒன்னும் இல்லம்மா," என்றான் மச்சான். "எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. ரெண்டாம் பாதியை முதல்ல வைக்கணும்னு நான்தான் முடிவு பண்ணேன். எல்லாத்தையும் தொலைச்சவனை முதல்ல காட்டிட்டு, அவன்கிட்ட என்னென்ன இருந்துச்சுன்னு அப்புறம் காட்டினாத்தானே வலிக்கும்?"

பாஸ் சிரித்தார். மனதாரச் சிரித்தார். பச்சைப் பொய்யை இவ்வளவு நிதானமாகச் சொல்கிறவனை அவர் பார்த்ததில்லை. சிரித்து முடித்ததும் கையிலிருந்த சாக்பீஸை இரண்டாக ஒடித்தார்.

ஏன் ஒடித்தார் என்று தெரிய வேண்டுமென்றால் முதலிலிருந்து வரவேண்டும்.

குழுவின் பெயர் 'ஈரத் தீப்பெட்டி'. பெயர் வைத்த வேளையோ என்னவோ, கடைசிவரை பற்றவே இல்லை. நான்கு பேர். மச்சான் பாட்டு, ஒருவன் கிட்டார், ஒருவன் டிரம்ஸ், இவர் பேஸ் கிட்டார். முதல் கச்சேரிக்குப் போஸ்டர் எழுதிய ஓவியர் 'பேஸ்' என்பதைப் 'பாஸ்' என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து பாஸ். மற்றபடி அவர் யாருக்கும் முதலாளி இல்லை. ஒத்திகைக்கு டீ வாங்கி வருகிறவரே அவர்தான்.

கச்சேரிகளில் பெயர் எடுத்ததும் அந்த வயதுக்கே உரிய கிறுக்கு நால்வருக்கும் பிடித்தது. சும்மா பத்துப் பாட்டைப் போட்டுத் தட்டு வெளியிடுவதெல்லாம் மற்றவர்கள் செய்வது, நாம் முழுத் தட்டையும் ஒரே கதையாகச் செய்வோம் என்று கிளம்பினார்கள். கதையைச் சொன்னது பாஸ். ஒருவன் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். ஒவ்வொரு பாட்டிலும் ஒன்றைத் தொலைக்கிறான். முதல் பக்கத்தில் குடை, செருப்பு, கைக்கடிகாரம் என்று கையிலும் காலிலும் இருப்பவை போகின்றன. இரண்டாம் பக்கத்தில் ஞாபகம், குரல், கடைசியில் பெயர். எல்லாம் போனபிறகு சொந்த வீட்டுக் கதவையே வந்து தட்டுகிறான். உள்ளேயிருந்து மனைவி "யாரு?" என்று கேட்கிறாள். பதில் சொல்ல அவனிடம் பெயர் இல்லை. அவ்வளவுதான், ஆல்பம் முடிந்தது. பெயரே 'குடை, செருப்பு, பெயர்'.

கதை நன்றாகத்தான் இருந்தது. அதைத் தட்டில் ஏற்றுவதற்குள் நான்கு பேருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. பதிவு செய்த ஸ்டூடியோ பாதியில் மூடப்பட்டது. கிட்டார்க்காரன் இரண்டு முறை கோபித்துக்கொண்டு போனான், ஒரு முறைதான் மற்றவர்கள் போய்க் கூப்பிட்டார்கள், மறுமுறை அவனே வந்தான். செருப்பு தொலைகிற பாட்டில் அவன் வாசித்த தனி வாசிப்பு எவ்வளவு நீளம் என்றால், அதற்குள் கதாநாயகன் கடைக்குப் போய்ப் புதுச் செருப்பே வாங்கியிருக்கலாம். டிரம்ஸ்காரன் வேறொரு பிடிவாதம் பிடித்தான். கதையாகக் கேட்க வேண்டியதற்குப் பாட்டுப் பட்டியல் எதற்கு, உறையிலும் போடக்கூடாது, லேபிளிலும் போடக்கூடாது, ஒரு பக்கம் ஒன்று என்றும் மறுபக்கம் இரண்டு என்றும் மட்டும் இருக்கட்டும் என்றான். மற்றவர்களுக்குச் சண்டை போடத் தெம்பில்லை, சரி என்றார்கள்.

அந்த "யாரு?" என்ற ஒற்றைச் சொல்லைப் பேசியது மச்சானின் தங்கை. குடை விரிகிற சத்தத்தைப் பதிவு செய்ய வீட்டிலிருந்து ஒரு குடை வேண்டும் என்று அண்ணன் சொல்ல, அதைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவளை மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். வெட்கத்தில் முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு தரம் சரியாகக் கேட்டாள். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த பாஸுக்கு, தன் பெயர் தனக்கே மறந்துபோனதுபோல ஆகிவிட்டது. அண்ணனின் நண்பர்களில் மற்ற இருவரையும் வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுகிறவள், இவரை மட்டும் எதுவும் சொல்லாமல் சமாளித்து வந்தாள். அது அவருக்கும் தெரியும். தெரிந்தது என்று அவளுக்கும் தெரியும்.

இனித் தப்பு.

பதிவான பாட்டுகளை முதலில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மூலத்தட்டில் வெட்டுவார்கள். அது ஒரு தனி அறையில், ஊசியும் அரக்கு பூசிய தட்டுமாக நடக்கிற வேலை. பிறகு அந்த இரண்டையும் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனால், அதிலிருந்து அச்சு எடுத்து, லேபிள் ஒட்டி, எத்தனை வேண்டுமோ அத்தனை அடித்துத் தருவார்கள். வெட்டும் இடத்துக்கு மச்சான் போனான். தொழிற்சாலைக்குப் பாஸ் போனார். அங்கே மேஸ்திரி, எது ஒன்று, எது இரண்டு என்று கேட்டார். பாஸ் கையை நீட்டிக் காட்டினார். மூலத்தட்டுப் பெட்டிகள்மேல் மச்சான் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் காட்டினோம் என்று அவருக்கு முதலில் நன்றாக ஞாபகம் இருந்தது.

தட்டு வந்தது. இசைத்தட்டுக் கம்பெனி ஹாலில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒன்று என்று போட்ட பக்கத்தை வைத்தார்கள். குடை விரிகிற சத்தத்துக்குப் பதிலாக, ஞாபகத்தைத் தொலைத்துவிட்டு ஒருவன் தெருவில் நின்று அழுகிற பாட்டு வந்தது. நான்கு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. கதவு தட்டி, "யாரு?" என்று கேட்டு, அதற்குப் பிறகு தட்டைத் திருப்பிப் போட்டால் அதே ஆள் குடையும் செருப்புமாக உற்சாகமாக வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். பத்திரிகைக்காரர்கள் தலைகால் புரியாமல் எழுந்து போனார்கள். எழுதியதும் அப்படித்தான் எழுதினார்கள். கம்பெனி கையை விரித்துவிட்டது.

ஹால் காலியானதும் மச்சான் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னான். "பாஸ்தானே ஃபேக்டரிக்குப் போனான்."

மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஒன்று எது, இரண்டு எது என்று தெரியாதவன் கிட்டாரில் நாலு கம்பி எதற்கு என்று டிரம்ஸ்காரன் கேட்டான். கிட்டார்க்காரன் மூன்றாவது முறையாகக் கோபித்துக்கொண்டு போனான், அப்புறம் வரவே இல்லை. எல்லோரும் சேர்ந்து கத்தியதில், பெட்டிமேல் எழுதியிருந்ததைப் பார்த்தோமா இல்லையா என்று பாஸுக்கே சந்தேகம் வந்தது. சந்தேகம் கொஞ்ச நாளில் நிச்சயமாகிவிட்டது. பார்க்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் ஏதோ ஒரு பெட்டியைக் காட்டியிருக்கிறோம். மூன்று பேருடைய வாழ்க்கையை ஒரு விரலால் கெடுத்திருக்கிறோம்.

மன்னிப்புக் கேட்க மச்சான் வீட்டுக்குப் போனார். அவன் இல்லை, அல்லது இல்லை என்று சொல்லச் சொல்லியிருந்தான். தங்கைதான் இருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். இவர் குனிந்த தலை நிமிராமல் அழுது முடிக்கும்வரை பேசாமல் இருந்தாள். பிறகு, "உங்க மேல தப்பு இல்ல. விடுங்க," என்றாள்.

உலகமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியபோது அவள் ஒருத்தி மட்டும் அப்படிச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பாஸ் எழுந்து நின்றார். அவளைக் கட்டிக்கொண்டார். கிட்டாரைத் தூக்கிப் பரண்மேல் போட்டார். இருவரும் சேர்ந்து திரைச்சீலைக் கடை போட்டார்கள், இவர் அளவெடுப்பார், அவள் தைப்பாள். எதையும் இரண்டு தடவை பார்க்கிற வியாதி அவருக்கு அன்று தொற்றியதுதான். கேஸை மூடிவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பார். பூட்டை இழுத்துவிட்டு மறுபடி இழுப்பார். நான் பிறந்ததும் பெண் குழந்தைதானா என்று அப்பா இரண்டு தடவை பார்த்திருப்பார் என்று மகள் கிண்டல் செய்வாள்.

அத்தோடு அந்தத் தட்டுகள். எங்கே ஒன்று கண்ணில் பட்டாலும் வாங்கிவிடுவார். ஆரம்பத்தில் பழைய சாமான் கடைகளில் கேட்பாரற்றுக் கிடந்தன. தன்னுடைய மானக்கேடு ஊரெல்லாம் கடை கடையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் வாங்கினார். பிறகு காலம் மாறியது. யாரோ ஒரு இளவட்டம் அதைக் கேட்டுவிட்டு, பின்னாலிருந்து முன்னால் சொல்லப்பட்ட அபாரமான கதை என்று எழுதினான். அவனைப் பார்த்துப் பத்துப் பேர் எழுதினார்கள். இப்போது அதைத் தேடி அலைகிறார்கள். பாஸ் அதற்கும் அசரவில்லை, பழக்கம் விடாமல் வாங்கிக்கொண்டே இருந்தார். ஒன்றைக்கூடப் போட்டுக் கேட்டதில்லை, உறையைவிட்டு வெளியே எடுத்ததும் இல்லை. கொண்டுவந்து மனைவியிடம் கொடுப்பார். அவள் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். திரைச்சீலை வெட்டி மிஞ்சிய துணியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பை தைத்து, தட்டைத் துடைத்து உள்ளே போட்டு, அலமாரியிலும் அது நிறைந்தபின் கட்டிலடியிலும் அடுக்குவாள். வேறு வீட்டு மனைவியாக இருந்தால் அலமாரியோடு சேர்த்து ஆளையும் வெளியே தள்ளியிருப்பாள் என்று பாஸ் நன்றியோடு நினைத்துக்கொள்வார்.

இப்படி வாழ்க்கையையே விலையாகக் கொடுத்துக் கட்டிக் காத்த தப்பு அது. அதைத்தான் மச்சான் ரேடியோவில் தன்னுடையது என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

"கேட்டியா உங்க அண்ணன் பேச்சை," என்றார் பாஸ். தையல் மெஷின் நின்றிருந்தது.

"விடுங்களேன்," என்றாள் அவள். "உங்க மேல இருந்த பழிதானே போகுது."

"பழி எங்க போகுது? திட்டு வாங்கினப்ப என் தப்பு, கைதட்டு வாங்குறப்ப அவன் திட்டமா? அது ஃபேக்டரில நான் பண்ண தப்பு. அதை நிரூபிச்சுக் காட்டறேன்."

அவள் தைத்துக்கொண்டிருந்த விளிம்பைப் பார்த்தாள். கோணலாகப் போயிருந்தது. நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள். அவள் தையல் பிரித்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும், ஆனால் பாஸ் இருந்த கோபத்தில் அதெல்லாம் கண்ணில் படவில்லை. அலமாரியிலிருந்து கைக்கு வந்த ஒரு துணிப்பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

ரெக்கார்டு கடை இரண்டு தெரு தள்ளி, ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நடத்துகிற அக்காவுக்குச் சாவிக்கொத்தில் சாவியைவிடப் பெரிதாக ஒரு டார்ச் தொங்கும். பாஸ் அவளுடைய பழைய வாடிக்கை. ஒரே ஆல்பத்தையே திரும்பத் திரும்ப வாங்குகிற மறை கழன்ற மனிதர் என்பது அவள் கணக்கு, அவரும் அதை மறுத்ததில்லை. அன்றுதான் முதல் முறையாக, இதில் பேஸ் வாசித்தது நான்தான் என்று சொன்னார். வாரத்துக்கு ஒருவர் வந்து நான்தான் டிரம்ஸ் என்கிறார் சார் என்று அவள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

அது போகட்டும், தொழிற்சாலையில் லேபிள் மாறி ஒட்டியதுதான் இது என்று நிரூபிக்க வழி உண்டா என்று பாஸ் கேட்டார். அதற்கென்ன, ஒரு நிமிஷ வேலை என்றாள். பையிலிருந்து தட்டை எடுத்தாள், இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் சாய்த்தாள். பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் வெறுமையாக ஒரு வளையம் இருக்கிறதே, அதைக் காட்டினாள். மூலத்தட்டை வெட்டுகிறவர், எந்தப் பக்கம் என்று அந்த வளையத்தில் ஊசியால் கீறிவிடுவார். மயிரிழை மாதிரி இருக்கும், தெரிந்தவர்கள்தான் பார்ப்பார்கள். லேபிளை ஒட்டுகிறவன் தப்புச் செய்யலாம், ஆனால் கீறல் வெட்டும்போதே விழுந்துவிடுகிறது, அதை யாரும் மாற்ற முடியாது. தொழிற்சாலையில் தப்பு நடந்திருந்தால், ஒன்று என்ற லேபிளுக்குப் பக்கத்தில் இரண்டு என்று கீறியிருக்கும்.

பாஸ் தலையாட்டினார். அப்படித்தான் இருக்கும் என்றார். அவள் டார்ச்சை அடித்தாள்.

"ஒன்னுன்னுதான் சார் போட்டிருக்கு," என்றாள்.

இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். அவள் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள், மறுபக்கம் இரண்டு. பாஸின் மூக்குக் கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்து அவரையே பார்க்கச் சொன்னாள். ஒன்று. கோணல்மாணலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒன்று.

"வெட்டும்போதே இதுதான் முதல் பக்கம்னு சொல்லித்தான் வெட்டியிருக்காங்க. ஃபேக்டரில எவனும் தப்பு பண்ணல. நான் எப்பவோ பார்த்துட்டேன், நீங்க கேக்கலையேன்னு சொல்லல," என்றாள் அவள்.

பாஸ் பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தார். மச்சான் பொய் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஊர் முன்னிலையில், உண்மையைச் சொல்லியிருக்கிறான். ஞாபகமும் பெயரும் தொலைகிற பக்கத்தில்தான் அவன் குரல் நன்றாக விழுந்திருந்தது, குடையும் செருப்பும் பாஸ் எழுதிய பாட்டுகள். தன் குரல் முதலில் வரட்டும் என்று மாற்றியிருக்கிறான். ஆல்பம் மண்ணைக் கவ்வியதும், பாஸ்தானே ஃபேக்டரிக்குப் போனான் என்று விரலை நீட்டியிருக்கிறான். பெட்டிமேல் எழுதியிருந்ததைப் பாஸ் பார்த்திருக்கிறார். பார்த்துத்தான், சரியாகத்தான் கை காட்டியிருக்கிறார்.

அக்கா அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றோ என்னவோ பேச்சைத் தொடர்ந்தாள். இந்தத் தட்டில் இன்னொரு விசேஷமும் உண்டு. வெட்டியவர் கொஞ்சம் குறும்பு பிடித்தவர்போல, அறையில் இருப்பவர்கள் விளையாட்டாகச் சொல்வதையும் அந்த வளையத்தில் கீறிவிடுவார். இதிலும் இரண்டு வார்த்தை இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கதாநாயகனுக்கு ஒரு தங்கை இருந்தாள், அவள் வரும் பாட்டு கடைசி நேரத்தில் நீக்கப்பட்டுவிட்டது என்று ஒரு கட்சி. தங்கை என்றால் மனசாட்சி என்று இன்னொரு கட்சி.

"நீங்க வாசிச்சவர்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே சார்," என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். ஒன்றுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் கீறியிருந்தது. 'தங்கச்சி சாட்சி.'

பாஸ் படித்தார். பிறகு, வழக்கம்போல, இன்னொரு தடவை படித்தார்.

தெருவில் இறங்கி நின்று மச்சானுக்குப் போன் போட்டார். என்ன கேட்பது என்று யோசிக்கவில்லை. தட்டில் கீறியிருப்பதைப் பார்த்தேன் என்றார். மறுமுனையில் மச்சான் கலகலவென்று சிரித்தான்.

"இப்பத்தான் பார்த்தியா மாப்பிள்ளை? வீடு நிறைய அதைத்தானே அடுக்கி வச்சிருக்கே. நீ எப்பவோ படிச்சுட்டு, பெரிய மனசு பண்ணி விட்டுட்டேன்னு நெனச்சேன்."

வெளியீட்டு விழாவுக்குக் கட்டாயம் வரவேண்டும், மேடையில் இரண்டு வார்த்தை பேச வேண்டும், பழைய கதைதானே, எல்லாம் கடைசியில் நல்லதாகத்தானே முடிந்தது என்று அவன் பேசிக்கொண்டே போனான். பாஸ் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். மச்சான்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் அப்படிப்பட்டவன் என்பது உள்ளூர எப்போதும் தெரிந்ததுதான். நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது அந்த மற்ற வார்த்தை. தங்கச்சி. அவள் அந்த அறையில் இருந்திருக்கிறாள். தட்டு வெட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இவர் அழுதுகொண்டு வாசலில் வந்து நின்றபோது, தண்ணீர் எடுத்து வந்த கையோடு உண்மையும் அவளிடம் இருந்திருக்கிறது.

வீட்டுக்குப் போகிற வழியில் அவர் ஒவ்வொன்றாக யோசித்தார். அலமாரியில் இருக்கிற எல்லாத் தட்டிலும் அந்த இரண்டு வார்த்தை இருக்கிறது. கட்டிலடியில் இருப்பவற்றிலும் இருக்கிறது. தான் தெருத்தெருவாக அலைந்து தேடி, தனக்கு எதிரான சாட்சியத்தை அல்ல, தான் நிரபராதி என்பதற்கான சாட்சியத்தை வாங்கி வாங்கி வீட்டில் அடுக்கியிருக்கிறார். அவள் ஒவ்வொன்றையும் துடைத்து, பை தைத்து மூடியிருக்கிறாள்.

கடை பாதி சாத்தியிருந்தது. அவள் மெஷினில் இல்லை. கடைக்கு மேலே மாடி வீட்டுக் கூடத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீயும் போயிருந்தியா?" என்று கேட்டார்.

அவள் மறைக்கவில்லை. அண்ணன்தான் கூட்டிக்கொண்டு போனான் என்றாள். தட்டு வெட்டுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது, போனாள். அங்கே போய் அவன் பக்கத்தை மாற்றச் சொன்னான். கேட்டதற்கு, எல்லோரிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ சாட்சி என்று சிரித்தான். வெட்டியவர் அதையும் கீறிவிட்டார். தட்டு வெளிவந்த அன்று அவன் வீட்டுக்கு வந்து அவள் காலைப் பிடிக்காத குறை. கொஞ்சம் ஆறட்டும், நானே சொல்கிறேன் என்றான். அதற்குள் இவர் வந்துவிட்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேனே, உங்க மேல தப்பு இல்லைன்னு," என்றாள் மெதுவாக.

சொன்னாள்தான். அட்சரம் பிசகாமல் உண்மையைத்தான் சொன்னாள். அதை அன்பு என்று எடுத்துக்கொண்டது இவர். உலகத்திலேயே தன்னைக் குறை சொல்லாத ஒரே ஜீவன் என்று இத்தனை காலம் நெஞ்சில் வைத்துக் கும்பிட்டது இவர்.

"எல்லாரும் என்னைத் திட்டினாங்க. நீ ஒருத்திதான் ஒரு சொல்லு சொல்லல," என்றார்.

"எந்த வாயால சொல்லுவேன்?"

அதற்குமேல் கேட்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் கேட்டார். "பாவம்னுதான் கட்டிக்கிட்டியா?"

"ஆசையும் இருந்துச்சு," என்றாள். "எது எவ்வளவுன்னு இப்ப எனக்கே தெரியல. கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லிடலாம்னு நெனச்சேன். சொன்னா போயிடுவீங்கன்னு பயம். அப்புறம் மறந்துகூடப் போச்சுங்க. நீங்க ஒவ்வொன்னா வாங்கிட்டு வந்து என் கையில குடுக்க ஆரம்பிச்சீங்க பாருங்க, அதுக்கப்புறம்தான் ஒரு நாளும் மறக்கல."

ஒரு பொய் சொல்லியிருந்தால் தேவலை என்று பாஸுக்குத் தோன்றியது. முழுக்க ஆசைதான் என்று சொல்லியிருக்கலாம். அண்ணா என்று கூப்பிடாமல் சமாளித்த அந்தப் பெண்ணை நினைத்துப் பார்த்தார். அதுவாவது தனக்கே தனக்காக இருந்ததா என்று கேட்கலாம். கேட்கப் பயமாக இருந்தது.

கூடத்து மூலையில் மகள் வேலைக்குப் போனதும் வாங்கித் தந்த ரெக்கார்டு பிளேயர் இருந்தது. அவர்கள் அதைப் போட்டதே இல்லை, அவளுடைய தையல் பெட்டிதான் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். பாஸ் பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தார். கையிலிருந்த துணிப்பையிலிருந்து தட்டை உருவினார். இரண்டு என்று போட்ட பக்கம் மேலே வரும்படி வைத்தார். குடை விரிந்தது. அவர் எழுதிய பாட்டு, அவர் விரல்கள் வாசித்த கம்பிகள். இளமையில் இவ்வளவு நன்றாக வாசித்தோமா என்று அவருக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளாமல் நின்று கேட்டார். முடிந்ததும் திருப்பிப் போட்டார். எப்படிக் கேட்க வேண்டும் என்று அவர் நினைத்தாரோ அந்த வரிசையில் அந்த ஆல்பம் இந்த உலகத்தில் முதல் தடவையாக ஒலித்தது. கேட்க அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள்.

அவன் ஞாபகத்தைத் தொலைத்தான். குரலைத் தொலைத்தான். பெயரைத் தொலைத்தான். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினான். உள்ளேயிருந்து, சிரிப்பை அப்போதுதான் அடக்கிக்கொண்ட ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது.

"யாரு?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பாஸ் அவளைப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டியது யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

பாட்டு முடிந்து ஊசி வெறும் வளையத்துக்கு வந்துவிட்டது. அந்த எழுத்துகளை ஒட்டியே, டிக், டிக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி வைக்க இருவரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.